பழைய ஃப்ரேமில் புது கூலிங் கிளாஸ்: பாண்டியில் ஒரு சந்துக் கடை

பழைய மூக்குக்கண்ணாடி ஃப்ரேமைக் கொண்டுபோய், இதில் கலர் லென்ஸ் போட்டு கூலிங் கிளாஸ் ஆக்கித் தர முடியுமா என்று கேட்டால் பாதிக் கடைகளில் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். புது ஃப்ரேம் விற்றால்தானே அவர்களுக்குக் காசு. புதுச்சேரியில் ஒரு பெரிய ஷோரூமில், பழைய ஃப்ரேமுக்கு நாங்கள் பொறுப்பு எடுக்க மாட்டோம் மேடம் என்று சொல்லிவிட்டு, நான் வாசலைத் தாண்டுவதற்குள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு கார்டை நீட்டினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐம்பது அறுபது வருடத்துப் பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணும்போது உடைந்துபோனால் யார் பதில் சொல்வது? ஆனால் வேலை தெரியாமல் மாட்டேன் என்பதும், வேலை தெரிந்து மாட்டேன் என்பதும் வேறு வேறு. இரண்டாவது வகை ஆள் ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கடை ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயரையும் கதவு எண்ணையும் போட வேண்டாம் என்று கடைக்கார ஐயாவே கேட்டுக்கொண்டார். இந்த வேலையில் நேரம் நிறையப் போகும், காசு குறைவு, போனைப் பார்த்துவிட்டு ஒரே சமயத்தில் பத்துப் பேர் வந்து நின்றால் சமாளிக்க முடியாது என்றார். சரி, அவர் கடை, அவர் இஷ்டம். பெரிய மார்க்கெட் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் கை காட்டுவார்கள். போர்டு மங்கியிருக்கும். ஏசி கிடையாது, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். உள்ளே லென்ஸ் அறுக்கும் மிஷின், பவர் அளக்கும் லென்சோமீட்டர், சாயம் காய்ச்சும் சின்னத் தொட்டி எல்லாம் கண்ணெதிரிலேயே இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. நிறைய கடைகளில் லென்சை வெளியூர் லேபுக்கு அனுப்பிவிட்டு வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். நம் ஃப்ரேம் எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்றே தெரியாது.

நான் கொண்டுபோனது மூன்று ஃப்ரேம். ஒன்று பெரியப்பாவுடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பாண்டிக்காரர்களுக்கு சொல்தா வீடு என்றாலே புரிந்துவிடும். அங்கிருந்து கொண்டுவந்த கனத்த பிளாஸ்டிக் ஃப்ரேம், தேன் நிறத்தில் கருந்திட்டு ஓடும், மேல்பக்கம் கொஞ்சம் தட்டை, கீழே உருண்டை. பிரெஞ்சில் பாந்தோ என்பார்கள். இரண்டாவது அப்பாவுடையது. மேலே புருவம் வரைந்ததுபோல் கறுப்புப் பிளாஸ்டிக், கீழே மெல்லிய பொன் நிறக் கம்பி. அமெரிக்காவில் ஷூரான் கம்பெனி 1947இல் கொண்டுவந்த வடிவம், அப்புறம் ஊரெல்லாம் பரவி, நம் பக்கத்துப் பழைய பள்ளிக்கூட குரூப் போட்டோக்களில் நடுநாற்காலித் தலைமையாசிரியர் முகத்தில் வந்து நின்றது. மூன்றாவது பெரியம்மாவின் பூனைக்கண் ஃப்ரேம், ஓரம் மேலே தூக்கி மூலையில் சின்னக் கற்கள் வைத்தது. மூன்றிலும் நான் ஆசைப்பட்டது இதைத்தான்.

ஐயா முதலில் ஒதுக்கி வைத்ததும் இதைத்தான்.

கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் நீட்டி, "மோந்து பாரும்மா" என்றார். லேசாகக் காடி வாசனை. உள்பக்கம் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, நான் அதைப் பழைய பவுடர் என்று நினைத்திருந்தேன். இந்த ஃப்ரேம்கள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். பஞ்சு, மரக்கூழ் இவற்றிலிருந்து எடுப்பது. அது வளைந்து கொடுப்பதற்காக உள்ளே ஒரு ரசாயனத்தைச் சேர்த்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்த ரசாயனம் மேலே கசிந்து வெளியேறிவிடும், ஃப்ரேம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், மொறுமொறு என்றாகிவிடும். அசிடேட்டே சிதையத் தொடங்கினால்தான் அந்தக் காடி வாசனை. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் இன்னும் வேகம், நம் கடலோரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. லென்ஸ் மாட்ட வேண்டும் என்றால் இந்த ஃப்ரேமைச் சூடாக்கித் தளர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் மூக்குப் பாலத்தில் பட்டென்று போய்விடும் என்றார். நான் விடாமல், ரிஸ்க் என்னுடையது, செய்துவிடுங்கள் ஐயா என்றேன். "உடைஞ்சா உன் காசு போகும், அது பரவால்ல. உங்க பெரியம்மா கண்ணாடி போயிடும்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டப்பாவுக்குள் காற்றுப் போகாமல் இறுக்கி மூடி வைக்காதே, மற்ற ஃப்ரேம்களோடு சேர்த்தும் வைக்காதே என்று ஒரு அறிவுரை. மூடி வைத்தால் கிளம்புகிற அமிலம் உள்ளேயே நின்று சிதைவை இன்னும் வேகமாக்குமாம். இதற்குக் காசு எதுவும் வாங்கவில்லை. இந்த இடத்திலேயே எனக்குக் கடை மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பெரியப்பாவின் ஃப்ரேமுக்கு வேறு சோதனை. கட்டைவிரலால் ஃப்ரேமின் காலை, அதாவது காதில் மாட்டுகிற பகுதியை, நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி மோந்து பார்த்தார். கற்பூர வாசனை வந்தால் அது பழைய செல்லுலாய்டு, நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கிற சாமான், அதைச் சூடுபண்ணும் வேலையே கிடையாது. வாசனை வரவில்லை. அசிடேட்தான், நல்ல நிலையிலும் இருந்தது. பீரோவுக்குள் துணியில் சுற்றி வைத்திருந்ததால் தப்பித்திருக்கிறது போலும். காலின் உள்பக்கம் ஃப்ரான்ஸ் என்று பொறித்திருக்கும், கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. அந்த நாட்டில் கண்ணாடித் தொழில் என்றாலே ஜூரா மலைப்பக்கம்தான். மொரே என்ற ஊரில் 1796இலிருந்தே கம்பி ஃப்ரேம் செய்திருக்கிறார்கள், பக்கத்திலேயே ஓயொனா என்ற ஊர் சீப்பு செய்துகொண்டிருந்து அப்படியே பிளாஸ்டிக் ஃப்ரேமுக்கு வந்தது. இது எந்த ஊர் என்று சொல்ல வழியில்லை. ஆனால் கீல் பகுதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இரண்டு ரிவெட் பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளியே தெரிகிறது, இப்போது வருகிற மலிவு ஃப்ரேம்களில் கீலைச் சூடுபண்ணி உள்ளே அமுக்கிவிடுகிறார்கள், பிடுங்கிக்கொண்டால் திரும்ப வைப்பது பெரும்பாடு. ரிவெட் என்றால் மாற்றலாம்.

அப்பாவின் ஃப்ரேமில் கம்பிப் பகுதியில் பச்சைக் களிம்பு. அதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்தே எடுத்தார், அமிலம் எதுவும் தொடவில்லை. மூக்குப் பாலத்துக்கு அடியில் பூதக்கண்ணாடியில் பார்த்தால் 1/10 12 கே ஜிஎஃப் என்று இருக்கிறது. அதாவது உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கக் கலவை, அடியில் இருக்கிற மலிவு உலோகத்தின் மேல் தகடாக அழுத்தி ஒட்டியது. நம் சிதம்பரம் கவரிங் நகை போல மேலாகப் பூசியது இல்லை, அதைவிடப் பல மடங்கு தடிமன், அதனால்தான் இத்தனை வருடம் அப்பாவின் வியர்வையைத் தாங்கியிருக்கிறது. துருப்பிடித்த இரண்டு திருகுகளை மட்டும் எண்ணெய் விட்டு ஊற வைத்து எடுத்து மாற்றினார்.

அடுத்தது வளைவு. இதை எந்தக் கடையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை, இந்தக் கடைக்குப் போகலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். மூன்று முள் வைத்த ஒரு கருவி இருக்கிறது, லென்ஸ் கிளாக் என்பார்கள். லென்சின் முன்பக்கத்தில் வைத்து அழுத்தினால் எவ்வளவு வளைவு என்று முள் காட்டும். பழைய ஃப்ரேமில் இருந்த கண்ணாடி லென்சில் வைத்தார், 4க்குக் கிட்டே காட்டியது. இப்போது ரெடிமேடாக வருகிற கூலிங் கிளாஸ் லென்ஸ் பெரும்பாலும் 6, முகத்தைச் சுற்றி வளைகிற ஸ்போர்ட்ஸ் வகை 8. தட்டையான பழைய ஃப்ரேமுக்குள் 6 வளைவு லென்சை வம்படியாக ஏற்றினால் என்ன ஆகும்? மேசை மேல் ஒரு கழிசல் ஃப்ரேமில் செய்தே காட்டினார். முன்பக்கம் பின்னால் வளைகிறது, இரண்டு காலும் உள்ளே மடங்கி நெற்றிப் பொட்டை அழுத்துகிறது, கொஞ்ச நேரத்தில் லென்சும் ஒரு மூலையில் துருத்திக்கொண்டு வெளியே வருகிறது. நெட்டில் வாங்கி மாட்டிய கலர் லென்ஸ் வெயிலில் வண்டி ஓட்டும்போது தெறித்து விழுந்தது என்று என் தோழி ஒருத்தி புலம்பியதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. ஆக, ஃப்ரேமின் வளைவுக்கு ஏற்ற லென்சை முதலில் தேட வேண்டும், கலர் எல்லாம் அப்புறம்.

பவர் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கு. என் ஃப்ரேமில் 44, ஒரு சின்னக் கட்டம், 22 என்று போட்டிருக்கிறது. ஒரு லென்சின் அகலம் 44 மில்லிமீட்டர், மூக்குப் பாலம் 22. இரண்டையும் கூட்டினால் 66, ஃப்ரேமின் இரண்டு லென்ஸ் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் அது. என் கருவிழிகளுக்கு நடுவே 62. வித்தியாசம் 4, ஆகவே ஒவ்வொரு லென்சையும் 2 மில்லிமீட்டர் மூக்குப்பக்கம் தள்ளி அறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நட்டநடுவில் அறுத்துக் கொடுத்துவிட்டால் தலைவலி நிச்சயம், பவர் ஏற ஏற மோசம். தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் சமீபத்தில் பவர் பார்த்த சீட்டு கையில் இருந்தது. ஐயா அதை ஏற்றுக்கொண்டாலும் கருவிழித் தூரத்தை மட்டும் அவரே இன்னொரு தரம் அளந்தார்.

லென்சுக்கு வருவோம். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், கடையில் சிஆர் 39 என்று கேட்டால் தருவார்கள், அமெரிக்காவில் 1940களில் வந்த பிசின். கண்ணாடியை விடப் பாதி எடைதான், இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி லென்சை மாட்டிக்கொண்டு போகக் கூடாது, அது உடைந்தால் சில்லு. இந்தப் பிளாஸ்டிக்கின் பெரிய நல்லது, சாயம் குடிக்கும். கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே சூடான சாயத் தொட்டியில் லென்சைத் தொங்கவிட்டால் மேல்பரப்பில் கலர் ஏறும். நேரம் கூடினால் அழுத்தம் கூடும். மேலிருந்து கீழ் மங்கி வருவதுபோல் வேண்டுமானால் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள், அதற்குக் கை பழக வேண்டும். அந்தக் காலத்தில் கண்ணாடிக்கு உருக்கும்போதே கலர் சேர்ப்பார்கள், அதனால் மைனஸ் பவர்காரர்களுக்கு ஓரம் தடித்து அங்கே கறுப்பாகவும் நடுவில் வெளுப்பாகவும் தெரியும். சாயம் மேல்பரப்பில் மட்டும் ஏறுவதால் இப்போது அந்தக் கோளாறு கிடையாது. ஒரு விஷயம் கவனம்: கண் கூசாமல் இருக்கப் போடுகிற மல்டிகோட் பூசிய லென்சில் சாயம் ஏறாது. முதலில் சாயம், அப்புறம் கோட்டிங். ஏற்கெனவே வைத்திருக்கிற கோட்டிங் லென்சைக் கொடுத்து இதையே கலர் பண்ணுங்கள் என்று கேட்டுப் பயனில்லை.

கலர் தேர்வு செய்ய மாதிரி லென்சுகளை ஒரு வளையத்தில் கோத்து வைத்திருக்கிறார். கடைக்குள் ட்யூப்லைட்டில் பார்க்காதே, வெளியே போய்ப் பார் என்று துரத்திவிட்டார். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் சந்து முனையில் நின்று எதிர்ச்சுவரை வேறு வேறு கலரில் பார்த்துக்கொண்டிருந்தேன், போவோர் வருவோர் என்ன நினைத்தார்களோ. எனக்கு முன்னால் வந்த ஒரு பெரியவர் கறுப்பு வேண்டும் என்றார். "எம்.ஜி.ஆர் கறுப்பா, கலைஞர் கறுப்பா?" என்று ஐயா கேட்டார், பெரியவர் ஒரு கணம் யோசித்து, எதிரே இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொதுவான கறுப்பு என்றார்.

கிரே நிறங்களை அப்படியே காட்டும், எல்லாம் கொஞ்சம் மங்கும். பிரவுன் போட்டால் காட்சி பளிச்சென்று பிரியும், மேடு பள்ளம் நன்றாகத் தெரியும், ஆனால் எல்லாமே சாயங்கால வெயில் போல இருக்கும். பச்சை இரண்டுக்கும் நடுவில். கிரே சாயம் வருடம் போனால் ஊதாப் பக்கம் சாயக்கூடும் என்று எச்சரித்தார். நான் தேன் நிற ஃப்ரேமுக்கு பிரவுன், அப்பாவின் ஃப்ரேமுக்குப் பச்சை கலந்த கிரே எடுத்தேன்.

எத்தனை சதவீதம் என்பதில் கடைக்காரர்களும் லென்ஸ் கம்பெனிகளும் எதிரெதிராகப் பேசுவார்கள், குழம்ப வேண்டாம். கடையில் 85 பர்சென்ட் என்றால் 85 வெளிச்சத்தைத் தடுக்கும், 15 உள்ளே விடும். கம்பெனி அட்டையில் வகை 3 என்றால் 8 முதல் 18 வரை உள்ளே விடும், நம் ஊர்ப் பகல் வெயிலுக்கு அதுதான் சரி. வகை 2 என்றால் 18 முதல் 43 வரை, மேகமூட்டத்துக்கும் அழகுக்கும். வகை 4 என்றால் 3 முதல் 8தான், அதைப் போட்டுக்கொண்டு வண்டியே ஓட்டக் கூடாது. நான் இரண்டையும் 85இல் கேட்டேன். பிரவுனை 75இல் போட்டால் ஃப்ரேமுக்கு இன்னும் அழகாக இருக்கும், கண் தெரியும் என்று ஐயா இழுத்தார், போட்டோவுக்கு அவர் சொன்னதுதான் சரி. எனக்குத் தென்பெண்ணை பாலத்தில் மணல் மேல் அடிக்கிற வெயில்தான் பிரச்சினை, அழகு அப்புறம் என்று விட்டுவிட்டேன்.

அழுத்தமான கலர் என்றால் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸ் போட்டால் இருட்டுக்குக் கண்ணின் பாவை விரிந்து, அந்தக் கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். அதனால் 400 நானோமீட்டர் அலைநீளம் வரை தடுக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். சாயத்துக்கு முன்னால் தனியாக ஒரு யூவி கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். மீட்டரில் வைத்துக் காட்டினார். மீட்டர் இல்லாத கடை என்றால் நீங்களே ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா டார்ச்சை லென்ஸ் வழியாக நோட்டின் எண் மேல் அடித்துப் பாருங்கள், அந்த எண்கள் ஒளிராமல் இருந்தால் ஓரளவு நம்பலாம். மலிவு டார்ச் பல 395 நானோமீட்டரில் எரிபவை, எல்லையிலேயே நிற்பதால் லேசாக மின்னினாலும் பயப்பட வேண்டாம், 365இல் எரிகிற டார்ச் கிடைத்தால் சோதனை தெளிவாக இருக்கும்.

போலரைஸ்டு லென்ஸ் அப்பாவின் ஃப்ரேமுக்குக் கேட்டேன். தார் ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டு வருகிற கூச்சத்தை அது வெட்டிவிடும், கடலூர் சில்வர் பீச்சில் நின்றால் அலைக்கு அடியில் மணல் தெரியும். ஆனால் என் பவருக்கும் 4 வளைவுக்கும் சேர்ந்தாற்போல் ஐயாவிடம் கிடைக்கவில்லை, ஆர்டர் போட்டால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. அதோடு போன் திரையைச் சாய்த்துப் பார்த்தால் சில கோணத்தில் இருண்டுவிடும், மேப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்குத் தொல்லை. விட்டுவிட்டேன். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்சையும் அவரே வேண்டாம் என்றார். வெக்கை கூடக்கூட அது கறுப்பது குறையும், கார் கண்ணாடிக்குப் பின்னால் சரியாகக் கறுக்கவே கறுக்காது. குளிர் ஊருக்கு நல்ல சாமான், மே மாதப் பாண்டிக்கு இல்லை.

விலை: பெரியப்பா ஃப்ரேமுக்குப் பவர் லென்ஸ், சாயம், யூவி, பின்பக்கம் மட்டும் கூச்சம் தடுக்கும் கோட்டிங் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். அந்தப் பின்பக்கக் கோட்டிங்கைத் தவிர்க்காதீர்கள், கறுப்பு லென்சில் முதுகுப்பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் நம் கண்ணையே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அப்பா ஃப்ரேம் கோட்டிங் இல்லாமல் 1,400, சுத்தம் செய்தது, திருகு, புது நோஸ் பேட் சேர்த்து 300. இந்தக் காசுக்கு ரோட்டோரத்தில் கூலிங் கிளாஸ் அரை டஜன் வாங்கலாம் என்று வீட்டில் கணக்குச் சொன்னார்கள். வாங்கலாம்தான், பவர் இல்லாமல்.

இனி குறைகள். சொன்ன தேதி எதையும் நம்ப வேண்டாம். ஒரு வாரம் என்றால் இரண்டரை வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போன் எடுக்க மாட்டார், நேரில் போனால்தான் பதில். நான் கடலூரிலிருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று இருபது சொச்சம் கிலோமீட்டர் ஓட்டி வருகிறவள், வந்து நின்றால் நாளைக்கு வாம்மா என்பது எரிச்சல். பச்சை லென்ஸ் ஜோடியில் வலது பக்கம் ஒரு நூல் அழுத்தம் கூடுதலாக வந்திருந்தது, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகத் தொட்டியில் இறக்கியிருந்தால் அப்படி வந்திருக்காது. கேட்டதும் மறுபேச்சில்லாமல் வெளுத்து மறுபடி ஏற்றிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை, ஆனால் அதற்கும் ஒரு வாரம். அப்புறம் பில்லில் வெறும் "லென்ஸ் 1" என்று எழுதியிருந்தார். எந்த லென்ஸ், எத்தனை பர்சென்ட், என்ன கோட்டிங் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. நாளைக்கு ஒரு பக்கம் கீறல் விழுந்து மாற்ற வேண்டும் என்றால் அந்தக் குறிப்பு இல்லாமல் அதே கலர் வராது.

போட்டுப் பழகிய பிறகு சொல்கிறேன். பிரவுன் ஜோடி அருமை. காலையில் கடலூரிலிருந்து கிளம்பினால் வலக்கைப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டே வரும், கனத்த பிளாஸ்டிக் கால் பக்கவாட்டு வெளிச்சத்தையும் பாதி தடுத்துவிடுகிறது, மெல்லிய கம்பி ஃப்ரேமில் இந்த வசதி இல்லை. ஆனால் முழு ஹெல்மெட்டுக்குள் அந்தக் கால் காதுக்கு மேல் அழுத்தும், அரை மணிக்கு மேல் போனால் வலி. அப்பாவுடையது நேரான மெல்லிய கால், ஹெல்மெட் போட்ட பிறகு சொருகினாலும் போகிறது. காதைச் சுற்றிக் கொக்கி போடுகிற பழைய வகை வைத்திருப்பவர்கள் வண்டிக்கு அதை நினைக்கவே வேண்டாம். இரண்டுமே உருவத்தில் சின்னது, இப்போதைய பெரிய கூலிங் கிளாஸ் போல் கன்னம் வரை மூடாது, கீழ்ப்பக்கம் தரையிலிருந்து வெளிச்சம் ஏறத்தான் செய்யும். கடற்கரைச் சாலையில் மதியம் நடந்தால் இது தெரியும். இருட்டத் தொடங்கினால் கழற்றிவிட வேண்டும், பவர்காரர்கள் சாதா கண்ணாடியைப் பையில் மறக்கக் கூடாது.

பவர் மிக அதிகம் என்றால், குழந்தைகளுக்கு என்றால், முகத்தைச் சுற்றி மூடுகிற கண்ணாடிதான் பிடிக்கும் என்றால் இந்த வேலை உங்களுக்கு இல்லை. வீட்டில் அப்பா தாத்தா ஃப்ரேம் நல்ல நிலையில் இருந்து, பவரும் மிதமாக இருந்து, அவசரமும் இல்லை என்றால் தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்று தேதிக்காகவும் பில்லுக்காகவும் குறைத்தது.

வீட்டில் ஃப்ரேம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் போடுகிற சண்டே மார்க்கெட்டில் துழாவிப் பார்க்கலாம், பழைய சாமான் பரப்பியிருக்கும் இடங்களில் எப்போதாவது சிக்கும். லென்ஸ் கீறியிருந்தால் கவலை இல்லை, எப்படியும் மாற்றப் போகிறோம். இரண்டு காலையும் விரித்து மேசை போன்ற தட்டையான இடத்தில் கவிழ்த்து வையுங்கள், ஆடாமல் நிற்க வேண்டும். மூக்குப் பாலத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளை பூத்திருந்தாலோ காடி வாசனை வந்தாலோ எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஐயா கடை ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பதினொரு மணிக்கு முன்னால் போகாதீர்கள், பவர் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள், ஜிபே உண்டு.